கல்யாண டிவிடியை போனுக்கு மாற்றும்போது சத்தம் கெட்டுப்போனால்

அக்கா கல்யாணம் 2006இல் நடந்தது. வீடியோகாரர் கொடுத்த இரண்டு டிவிடிகள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. வீட்டு டிவிடி பிளேயர் ஓடாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. புது லேப்டாப்பில் டிவிடி போட இடமே கிடையாது. சரி, போனில் பார்க்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்று ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எம்பி4 ஆக்கி, முகூர்த்தப் பகுதியை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கால் மணி நேரத்தில் பெரியம்மா கூப்பிட்டார்.

"படம் கண்ணாடி மாதிரி இருக்குப்பா. ஆனா சத்தமே வரலையே. உங்கப்பா மைக்ல பேசுவாரே, அது ஒண்ணுமே கேக்கலை."

என் காதில் அப்போதும் இயர்போன் இருந்தது. அதில் அப்பா பேசுவது நன்றாகவே கேட்டது. அப்பா இப்போது இல்லை. அந்த இரண்டு நிமிஷப் பேச்சுக்காகத்தான் நான் இந்த வேலையில் இறங்கியதே.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் பிடித்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்கப்புறம் சொந்தக்காரர், நண்பர், அக்கம்பக்கம் என்று நிறையப் பேருடைய வீட்டு டிவிடிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். படம் தகராறு செய்வது அபூர்வம். சத்தம்தான் படுத்தும். முதன்முதலாக இதைச் செய்ய உட்காருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: செட்டிங்கைக் கண்டபடி மாற்றிப் பார்க்காதீர்கள். சத்தம் எங்கே கெட்டது என்று முதலில் பாருங்கள். வட்டிலேயே கெட்டிருக்கிறதா, மாற்றும்போது கெட்டதா, போனில் கெடுகிறதா? இது தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் ஒரே ஒரு கிளிக்தான்.

இங்கே நான் சொல்வது கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம், பள்ளி ஆண்டுவிழா போன்ற நம் வீட்டு வட்டுகளுக்கு. கடையில் விற்ற சினிமா டிவிடிகளில் பெரும்பாலும் பூட்டு இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அந்தப் பூட்டை உடைப்பது பற்றி 2012இல் தனியாக 65ஏ பிரிவே சேர்த்திருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.

தேவையான மென்பொருள்கள் எல்லாம் இலவசம். பார்க்கவும் சோதிக்கவும் விஎல்சி. மாற்ற ஹேண்ட்பிரேக். பேச்சும் உதடும் ஒத்துப்போகாத வட்டு அமைந்தால் மட்டும் மேக்எம்கேவி, எம்கேவிடூல்நிக்ஸ், ஆடாசிட்டி. முதல் இரண்டு போதும், தொடங்கலாம்.

முதலில் போனைச் சந்தேகப்படுங்கள்

நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை அதே போனில், அதே இயர்போனில் போட்டுக் கேளுங்கள். அதுவும் சரியாகக் கேட்கவில்லை என்றால் வீடியோவில் குறை இல்லை.

வயர் உள்ள இயர்போனின் முனை முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றால் ஒரு விசித்திரம் நடக்கும். வாத்தியம் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போகும். இதை வீடியோவின் கோளாறு என்று நினைத்து இரண்டாவது முறை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். முனையை அழுத்திச் செருகினால் குரல் திரும்பிவிடும்.

புளூடூத் இயர்போனில் பேச்சு கொஞ்சம் பிந்தி வந்தால் வயர் இயர்போனிலோ போன் ஸ்பீக்கரிலோ போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் அந்தத் தாமதம் புளூடூத்துடையது. ஃபைலில் கை வைக்க வேண்டாம். போனின் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அமைப்புகளில் இடது, வலது சத்தத்துக்கான ஒரு கோடு இருக்கும். அது நடுவில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குழந்தைகள் கையில் போன போனில் அது எங்கேயாவது ஒரு ஓரத்தில் நிற்கும்.

வட்டை நேரடியாக மாற்றாதீர்கள்

பதினைந்து, இருபது வருஷத்து டிவிடி. கீறல் இருக்கும், விரல் ரேகை இருக்கும். நேராக வட்டிலிருந்தே மாற்றினால், டிரைவ் திணறுகிற இடத்தில் சத்தம் அரை நொடி விழுங்கப்படும். சில சமயம் அங்கிருந்து பேச்சும் உதடும் பிரிந்துவிடும். அதனால் முழு வட்டையும் முதலில் ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி எடுங்கள். சாதாரண வட்டு ஒன்றில் அதிகபட்சம் 4.7 ஜிபிதான் இருக்கும்.

அதற்கு முன் துடைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை லேசாக ஈரப்படுத்தி, நடுத் துளையிலிருந்து வெளி விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகத் தகவல் போய்விடும். குறுக்கே விழுகிற கீறலை டிரைவ் ஓரளவு சமாளித்துவிடும்.

வட்டைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி என்று முடியும் பெரிய ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள். கூடவே ஐஎஃப்ஓ என்று முடியும் சின்ன ஃபைல்கள். புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, பெரிய ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னதை விட்டுவிடுவது. எது முதலில் ஓட வேண்டும், எந்தத் துண்டு எங்கே ஒட்ட வேண்டும், எத்தனை ஆடியோ இருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சின்ன ஃபைலில்தான் எழுதியிருக்கிறது. ஃபோல்டரை முழுதாக, அப்படியே காப்பி எடுங்கள்.

காப்பி பாதியில் நின்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுத்த வட்டை இன்னொன்று அலுங்காமல் படிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

காப்பி எடுத்த ஃபோல்டரை விஎல்சியில் ஓடவிட்டு, கண்ட்ரோல் விசையோடு ஜே எழுத்தை அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் ஆடியோ என்று இருக்கும் பகுதியைப் படியுங்கள். வீட்டு டிவிடிகளில் கீழே சொல்லும் மூன்று வகையில் ஏதாவது ஒன்று இருக்கும்.

ஏ52 அல்லது ஏசி3 என்று இருந்தால் அது டால்பி. பெரும்பாலான கல்யாண டிவிடிகள் இதுதான். எம்பெக் லேயர் 2 என்று இருந்தால் எம்பி2. எல்பிசிஎம் என்று இருந்தால் சுருக்கவே சுருக்காத சத்தம். நொடிக்கு 1536 கிலோபிட் சாப்பிடுகிற சமாசாரம், தரமும் அதற்கேற்ப இருக்கும்.

அதே பெட்டியில் சேனல் எத்தனை என்றும் போட்டிருக்கும். ஸ்டீரியோவா (இடது, வலது தனித்தனி), மோனோவா (ஒரே சத்தம்), அல்லது 5.1ஆ (ஆறு சேனல்)? சாம்பிள் ரேட் 48000 என்று இருக்கும். டிவிடி வீடியோவின் வழக்கம் அது. இந்த மூன்று விவரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு முடிவுக்கும் இது வேண்டியிருக்கும்.

அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேளுங்கள். இங்கேயே ஒரு பக்கக் காதில் மட்டும் சத்தம் வந்தால், இங்கேயே கரகரத்தால், குறை வட்டில் இருக்கிறது. இங்கே சரியாக இருந்து போனில் மட்டும் கெட்டால் மாற்றிய விதத்தில் குறை.

ஒரு நிமிஷத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்

ஹேண்ட்பிரேக்கில் ஓப்பன் சோர்ஸ் அழுத்தி அந்த வீடியோ டிஎஸ் ஃபோல்டரையே கொடுங்கள். தனி விஓபி ஃபைலைக் கொடுக்காதீர்கள். டைட்டில் என்ற பட்டியலில் நேரம் அதிகமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முதல் டைட்டில் பல வட்டுகளில் ஸ்டுடியோவின் பெயர் சுற்றிச் சுற்றி வருகிற இருபது நொடி அனிமேஷனாக இருக்கும். அதில் ஆடியோவே இல்லாமல் கூட இருக்கும். அதை மாற்றிவிட்டு "சத்தம் வரவில்லை" என்று தவித்தால் பாவம், ஹேண்ட்பிரேக் என்ன செய்யும்?

இந்திய வீட்டு டிவிடி பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி முறை. நொடிக்கு 25 பிரேம், 720க்கு 576. அதற்கு ஃபாஸ்ட் 576பி25 என்ற பிரிசெட் (தயாராக அமைத்துவைத்த செட்டிங்) பொருந்தும். ஃபைல் வகை எம்பி4. ஆடியோ பகுதிக்குப் போய் கோடெக் (சத்தத்தைச் சுருக்கும் முறை) ஏஏசி, பிட்ரேட் 160, மிக்ஸ்டவுன் (எத்தனை சேனலாகக் கலப்பது) ஸ்டீரியோ, சாம்பிள் ரேட் ஆட்டோ என்று வையுங்கள். பாஸ்த்ரூ (சத்தத்தை மாற்றாமல் அப்படியே கடத்துவது) என்ற சொல் இருக்கிற எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஹெச்இ ஏஏசி என்று ஒன்று கண்ணில் பட்டால் அதையும் விட்டுவிடுங்கள். அதைச் சரியாகப் படிக்கத் தெரியாத பழைய கருவிகளில் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாகக் கேட்கும்.

இப்போது உடனே ஸ்டார்ட் அழுத்த வேண்டாம். ரேஞ்ச் என்ற இடத்தில் செகண்ட்ஸ் என்று மாற்றி, நடுவில் யாராவது பேசுகிற ஒரு நிமிஷத்தை மட்டும் கொடுங்கள். கல்யாண வட்டு என்றால் நான் தாலி கட்டுகிற இடத்தை எடுப்பேன். மெதுவான மந்திரம், மைக்கில் பேச்சு, திடீரென்று கெட்டிமேளம் எல்லாம் ஒரே நிமிஷத்தில் இருக்கும். வட்டின் முடிவிலிருந்து இன்னொரு நிமிஷத்தையும் இதே மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் போனுக்கு அனுப்பி, ஸ்பீக்கரில் ஒரு தடவை, இயர்போனில் ஒரு தடவை கேளுங்கள். மூன்று மணி நேர வட்டை மாற்றி முடித்த பிறகு குறையைக் கண்டுபிடிப்பதைவிட இந்த ஐந்து நிமிஷம் எவ்வளவோ மேல்.

சரி, இனி ஒவ்வொரு கோளாறாகப் பார்ப்போம்.

சத்தமே வரவில்லை

விஓபி ஃபைலை அப்படியே போனில் காப்பி செய்தீர்களா? அல்லது பிரிசெட்டில் ஏசி3 பாஸ்த்ரூ இருந்ததா? ஏசி3ஐப் படிக்கிற வசதி பல போன்களின் சொந்த வீடியோ பிளேயரில் கிடையாது. "ஆடியோ வகைக்கு ஆதரவு இல்லை" என்ற மாதிரி ஒரு செய்தி வரும், அல்லது படம் மட்டும் ஊமையாக ஓடும். அதே ஃபைலை போனில் விஎல்சி போட்டுத் திறந்து பாருங்கள். சத்தம் வந்தால் சந்தேகமே இல்லை, இதுதான் காரணம். கோடெக்கை ஏஏசி ஆக்கி மறுபடி மாற்றுங்கள். ஹெச்க்யூ என்று தொடங்கும் பிரிசெட்டுகள் ஏஏசியோடு ஏசி3 டிராக் ஒன்றையும் சேர்த்துவிடும். போனுக்கு அது சுமை. நீக்கிவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக்கின் ஆடியோ பட்டியல் காலியாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். வீட்டு டிவிடியில் மொழி என்ன என்று யாரும் குறித்திருக்க மாட்டார்கள். பிரிசெட் குறிப்பிட்ட ஒரு மொழியைத் தேடினால் எதுவும் கிடைக்காமல் காலியாக விட்டுவிடும். ஆட் டிராக் அழுத்தி நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

அந்தக் காலத்து வீடியோகாரர்கள் ஒற்றை மைக்கை கேமராவில் செருகியிருப்பார்கள். அது இடது பக்கத்தில் மட்டும் பதிவாகியிருக்கும். வலது பக்கம் வெறும் இரைச்சல், அல்லது கேமரா மைக்கில் விழுந்த கூட்டத்தின் சலசலப்பு. விஎல்சியில் ஆடியோ மெனுவுக்குள் ஸ்டீரியோ மோட் என்று இருக்கும். அதில் லெஃப்ட் மட்டும், ரைட் மட்டும் என்று மாற்றிக் கேட்டு, எது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கின் மிக்ஸ்டவுன் பட்டியலில் மோனோ லெஃப்ட் ஒன்லி அல்லது மோனோ ரைட் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு காதிலும் ஒரே நல்ல சத்தம் வரும்.

சாதாரண மோனோவைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு காதிலும் கேட்கும். ஆனால் நல்ல பக்கத்தோடு கெட்ட பக்கத்தின் இரைச்சலும் கலந்துவிடும். அதனால்தான் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்கிறேன்.

இயர்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் காணோம்

பெரியம்மாவின் புகார் இதுதான். அவர் ஸ்பீக்கரில் கேட்டார், நான் இயர்போனில் கேட்டேன். இருவர் சொன்னதும் உண்மை.

மூன்றாம் நாள் ராத்திரி, இயர்போனில் அப்பா பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் தலைக்கு நடுவில் இல்லை. இரண்டு காதுக்கும் வெளியே எங்கோ, பிடரிக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி இருந்தது. போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோ என்பதை ஆன் செய்தேன். அப்பா குரல் சட்டென்று அணைந்தது. பின்னணியில் யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் மிச்சம். ஆஃப் செய்தேன், அப்பா திரும்ப வந்தார். நான்கைந்து தடவை அப்படியே செய்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். மண்டபத்தில் மைக் செட்டின் மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்து கேமராவில் கொடுத்திருக்கிறார்கள். மேடை மைக் வயர்களில் ஒரே சத்தத்தை இரண்டு கம்பிகளில், ஒன்றுக்கொன்று தலைகீழாக அனுப்புவார்கள். வழியில் புகும் இரைச்சலை நீக்குவதற்காக அந்த ஏற்பாடு. அதை அப்படியே கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் செருகினால், நேர்ச் சத்தம் இடது பக்கமும் தலைகீழ்ச் சத்தம் வலது பக்கமும் பதிவாகும். இடது காதில் அலை மேலே போகும்போது வலது காதில் கீழே போகும். தனித்தனிக் காதில் கேட்டால் தெரியாது. ஒரே ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டும்போது, ஐந்தோடு மைனஸ் ஐந்தைக் கூட்டியது போல ஒன்றும் மிஞ்சாது. இரண்டு ஸ்பீக்கர் உள்ள போன்களில் முழுதாகப் போகாது, சன்னமாகி வெறும் தகர ஓசையாகக் கேட்கும்.

மருந்து மேலே சொன்னதேதான். மிக்ஸ்டவுனில் மோனோ லெஃப்ட் ஒன்லி. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் எதிர்க்க ஆளில்லை, சத்தம் முழுதாக நிற்கும். மாற்றி அனுப்பினேன். பெரியம்மா திரும்ப அழைத்தபோது பின்னணியில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை, பேசுகிற போனை வீடியோ ஓடுகிற போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

கல்யாண, ஆண்டுவிழா வட்டுகளில் மைக் பேச்சு இருந்தால் இந்த மோனோ சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள். இயர்போனை மட்டும் நம்பி மாற்றுகிறவர்களுக்கு இந்தக் குறை கண்ணிலேயே படாது.

மந்திரம் கேட்கவில்லை, மேளம் காதைப் பிளக்கிறது

மெதுவான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி அதிகமாக இருக்கிறது. ஹாலில் பெரிய ஸ்பீக்கரில் அது நன்றாக இருக்கும். பஸ்ஸில் போனில் கேட்டால் ஐயர் வாய் மட்டும் அசையும், தவில் வந்ததும் கை தானாக சத்தத்தைக் குறைக்கும்.

நீங்கள் தாளில் எழுதியது ஏசி3 என்றால் வழி சுலபம். ஹேண்ட்பிரேக்கில் டிஆர்சி என்று ஒரு எண் இருக்கும், பூஜ்யத்திலிருந்து 4 வரை. அது மெதுவானதை உயர்த்தி இடைவெளியைக் குறுக்கும். 1.5இல் தொடங்குங்கள், 2.5க்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் யாரும் பேசாத நேரத்தில் ஃபேன் சத்தமும் கூட்ட இரைச்சலும் பொங்கி எழும்.

எம்பி2, எல்பிசிஎம் வட்டுகளில் இந்த டிஆர்சி வேலை செய்யாது. எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் மாற்றம் இருக்காது. அது தெரியாமல் பலர் மணிக்கணக்கில் போராடுகிறார்கள். அந்த வட்டுகளுக்கு ஆடாசிட்டியில் கம்ப்ரெசர் என்ற எஃபெக்டைப் போட வேண்டும், அல்லது போனில் விஎல்சியில் பார்க்கும்போது சத்தத்தைத் தேவைக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மொத்தமாகவே சத்தம் குறைவு என்றால் டிஆர்சிக்குப் பக்கத்தில் இருக்கும் கெய்ன் (மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்கும் எண்) போதும். 3 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள், போதவில்லை என்றால் 6. 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதனால் கெட்டிமேளம் வருகிற நிமிஷத்தில்தான் சோதிக்க வேண்டும். அங்கே நாதஸ்வரம் கிழிந்து கரகரத்தால் ஒரு படி இறக்குங்கள்.

அரங்கேற்ற டிவிடிகளில் சில ஸ்டுடியோக்கள் 5.1 போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதில் பேச்சும் முக்கியக் குரலும் நடு ஸ்பீக்கருக்கு என்று தனி சேனலில் இருக்கும். அதை 5.1ஆகவே போனுக்கு அனுப்பினால், நடு சேனலைச் சரியாகக் கலக்கத் தெரியாத பிளேயரில் மிருதங்கம் கேட்கும், பாட்டு ஒதுங்கிப்போகும். மிக்ஸ்டவுனை ஸ்டீரியோ என்று வைத்தால் ஹேண்ட்பிரேக்கே நடுவில் இருப்பதை இரண்டு பக்கமும் பிரித்துக் கலந்துவிடும்.

பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம்

எல்லோரையும் அழவைப்பது இதுதான். மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த வகை என்று தெரிய, முன்னால் செய்துவைத்த இரண்டு துண்டுகளையும் ஓடவிடுங்கள். கைதட்டுவது, தேங்காய் உடைப்பது போன்ற இடமாக இருந்தால் கண்ணுக்கும் காதுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும் ஒரே அளவு விலகல் என்றால் அது நிலையான தாமதம். விஎல்சியில் ஓடவிட்டு ஜே, கே விசைகளை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சத்தம் 50 மில்லிநொடி முன்னே பின்னே நகரும், எவ்வளவு என்று திரையில் காட்டும். ஒத்துப்போகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வட்டை மேக்எம்கேவியில் எம்கேவி (எம்பி4 போல இன்னொரு வீடியோ ஃபைல் வகை) ஆக்கி, அதை எம்கேவிடூல்நிக்ஸில் திறந்து, ஆடியோ டிராக்கைத் தேர்ந்தெடுத்து, டிலே என்ற கட்டத்தில் மில்லிநொடியைக் கொடுங்கள். சத்தம் பிந்தி வர வேண்டும் என்றால் வெறும் எண், முந்தி வர வேண்டும் என்றால் முன்னால் மைனஸ் குறி. படமும் சத்தமும் மறுபடி சுருக்கப்படாததால் ஒரு சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அதை ஹேண்ட்பிரேக்கில் கொடுத்து எம்பி4 ஆக்குங்கள்.

முதல் துண்டு சரி, நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று விலகி அப்படியே போகிறதா? அந்த இடத்தில் வட்டைப் படிக்க முடியாமல் போயிருக்கிறது, அல்லது யாரோ விஓபி துண்டுகளை வெறுமனே ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் நேரக் குறிகள் புதிதாகத் தொடங்கும், பிளேயர் குழம்பும். திருத்தப் பார்க்காதீர்கள். வட்டைத் துடைத்து, முழு ஃபோல்டராக, முடிந்தால் வேறு டிரைவில் மறுபடி காப்பி எடுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போய் முடிவில் இரண்டு மூன்று நொடி வித்தியாசம் வந்தால், முதலில் வட்டிலேயே அப்படியா என்று விஎல்சியில் பாருங்கள். வட்டு சரி, போனில் மட்டும் இப்படி என்றால் ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட்டை சேம் ஆஸ் சோர்ஸ் என்றும், பக்கத்தில் வேரியபிள் என்பதைக் கான்ஸ்டன்ட் என்றும் மாற்றுங்கள். பிரேம் வேகம் மாறி மாறி வரும் ஃபைலைச் சில கருவிகள் சரியாக ஓட்டுவதில்லை. 25ஐ 30 ஆக்கினால் படம் வழுவழுப்பாகும் என்று நினைத்து மாற்றவும் வேண்டாம்.

வட்டிலேயே விலகினால், அது பெரும்பாலும் பழைய விஹெச்எஸ் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக டிவிடி ஆனதாக இருக்கும். படத்தைப் பிடித்த கார்டும் சத்தத்தைப் பிடித்த சவுண்ட் கார்டும் ஆளுக்கொரு கடிகாரம் வைத்திருந்தன. ஒன்று துளி வேகம், மற்றது துளி மெது. ஒன்றரை மணி நேரம் என்றால் 5400 நொடி. சத்தம் 5397 நொடியில் முடிந்துவிட்டால் அந்த மூன்று நொடியை முழு நீளத்துக்கும் பரப்ப வேண்டும். மேக்எம்கேவி கொடுத்த ஃபைலை ஆடாசிட்டியில் திறந்தால் சத்தம் மட்டும் வரும். அதற்கு எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் நிறுவியிருக்க வேண்டும். சேஞ்ச் டெம்போ என்ற எஃபெக்டில் நீளம் 5397இலிருந்து 5400 என்று கொடுங்கள். சுருதி மாறாமல் நீளம் மட்டும் கூடும், நாதஸ்வரம் தப்பாது. வேவ் ஃபைலாகச் சேமித்து, எம்கேவிடூல்நிக்ஸில் பழைய ஆடியோவின் டிக்கை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து, கடைசியாக ஹேண்ட்பிரேக். ஒரு சாயங்கால வேலை. கேசட்டும் பூசணம் பிடித்துப்போன நிலையில் இருந்தால், அந்தச் சாயங்காலத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கரகரப்பு

விஎல்சியில் வட்டை ஓட்டும்போதே கரகரத்தால், அன்றைக்கு மைக்கின் அளவை ஏற்றி வைத்துவிட்டார்கள். அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது, அதை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது. மாற்றிய பிறகுதான் கரகரக்கிறது என்றால் கெய்னை இறக்குங்கள்.

கார் ஸ்டீரியோவின் திரையில் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பழைய ஸ்டீரியோக்கள் ஏஏசியைப் படிக்காது. ஹேண்ட்பிரேக்கில் கோடெக்கை எம்பி3 என்று மாற்றி ஒரு நிமிஷம் சோதியுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது.

ஒரு நிமிஷத் துண்டுகள் இரண்டும் ஸ்பீக்கரிலும் இயர்போனிலும் மோனோவிலும் சரியாகக் கேட்டுவிட்டால், ரேஞ்சை மறுபடி சாப்டர்ஸ் என்று மாற்றி, முதல் சாப்டரிலிருந்து கடைசி வரை என்று பார்த்துவிட்டு, முழு வட்டையும் ஓடவிடுங்கள். முடிந்த ஃபைலை நடுவிலும் முடிவிலும் தொட்டுக் கேளுங்கள். அந்த வீடியோ டிஎஸ் ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் போட்டு, எந்த வட்டில் எந்த மிக்ஸ்டவுன், எவ்வளவு டிலே கொடுத்தீர்கள் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் கூடவே எழுதி வையுங்கள். வட்டு அப்புறம் பீரோவுக்கே போகட்டும்.